சுட்டால் மட்டும் ஜெயிக்க முடியாது: இடம் பிடிக்கும் ஆட்டங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

கால் ஆஃப் டியூட்டி என்ற துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமில் டாமினேஷன் என்று ஒரு ஆட்ட வகை உண்டு. மேப்பில், அதாவது ஆட்டக்களத்தில், மூன்று கொடிகள் இருக்கும்: ஏ, பி, சி. ஓர் அணி ஏ பக்கம் தொடங்கும், இன்னோர் அணி சி பக்கம். பி நடுவில். கொடிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் அது உங்கள் அணிக்கு மாறிவிடும். அப்புறம் அது உங்கள் கையில் இருக்கும்வரை 5 விநாடிக்கு ஒரு புள்ளி வந்துகொண்டே இருக்கும். அந்த வரிசையில் 2007-ல் வந்த மாடர்ன் வார்ஃபேரில் இதுதான் கணக்கு. 200 புள்ளியை முதலில் தொடும் அணி ஜெயிக்கும்.

எதிரியைச் சுட்டால் எத்தனை புள்ளி? அணிக் கணக்கில் ஒன்றும் கிடையாது. புதிதாக ஆட வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான். ஆட்டம் முடிந்து பட்டியல் வரும்போது, 30 கில் எடுத்தவர், அதாவது எதிரிகளை 30 முறை வீழ்த்தியவர், தோற்ற அணியில் மேலே இருப்பார். வெறும் 8 கில் எடுத்து, மூன்று முறை பி-யை மீட்டவர் ஜெயித்த அணியில் இருப்பார். ஆட்டம் கேட்பது ஒரே கேள்வி: எந்த இடம், யார் கையில், எவ்வளவு நேரம் இருந்தது? இப்படி வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் ஆட்டங்களைத்தான் டெரிட்டரி கன்ட்ரோல் வகை என்கிறார்கள். நாம் இடம் பிடிக்கும் ஆட்டம் என்றே சொல்லிக்கொள்வோம்.

டாமினேஷன் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம், ஏனென்றால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் விளங்கும். ஒரு கொடி நிமிடத்துக்கு 12 புள்ளி தரும். உங்களிடம் இரண்டு, எதிரணியிடம் ஒன்று என்றால், நிமிடத்துக்கு உங்களுக்கு 24, அவர்களுக்கு 12. நீங்கள் 40 புள்ளி பின்தங்கியிருந்தாலும், இரண்டு கொடியை விடாமல் வைத்திருந்தால் 3 நிமிடம் 20 விநாடியில் சமமாகிவிடுவீர்கள். ஆனால் எதிரணி 170-ல் இருக்கும்போது இதைத் தொடங்கினால் வேலைக்கு ஆகாது. ஒரே ஒரு கொடியை வைத்துக்கொண்டே இரண்டரை நிமிடத்தில் அவர்கள் 200-ஐத் தொட்டுவிடுவார்கள். முதல் நிமிடத்தில் பி-யை விட்டுக்கொடுத்ததன் விலை கடைசியில்தான் தெரியும்.

இரண்டு கொடி நல்லது என்றால் மூன்று இன்னும் நல்லதுதானே? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. செத்தவர்கள் மறுபடி எழும் இடத்தை ஸ்பான் என்பார்கள். டாமினேஷனில் பொதுவாக அவரவர் கையில் இருக்கும் கொடிக்குப் பக்கத்தில்தான் எழுவார்கள். ஏ-யும் பி-யும் உங்களிடம் இருந்தால் எதிரணி சி பக்கத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். எந்தச் சந்தில் வருவார்கள், எந்த ஜன்னலில் தலை தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். ஆசைப்பட்டு சி-க்குள்ளும் ஓடினால், அவர்கள் எழ அங்கே இடம் இல்லாமல் போய், ஆட்டம் அவர்களை வேறெங்காவது எழுப்பும். பெரும்பாலும் நீங்கள் எல்லோரும் விட்டுவிட்டு வந்த ஏ பக்கம். திரும்பிப் பார்ப்பதற்குள் ஏ போயிருக்கும், பி-க்குப் பின்னாலிருந்து சுடுவார்கள். பழகிய ஆட்டக்காரர்கள் “ரெண்டு போதும், சி-க்குப் போகாதே” என்று மைக்கில் கத்துவது இதற்காகத்தான். மூன்றாவது கொடி தேவைப்படுவது, மேலே சொன்ன மாதிரி நேரம் போதாமல் போகும்போது மட்டும்.

தொட்டால் போதுமா, நிற்க வேண்டுமா?

1999-ல் வந்த அன்ரியல் டோர்னமென்ட்டிலும் டாமினேஷன் இருந்தது. அதில் பாயிண்ட்டை, அதாவது பிடிக்க வேண்டிய இடத்தை, ஒருமுறை தொட்டுவிட்டால் போதும், உடனே உங்கள் நிறத்துக்கு மாறிவிடும். நிற்க வேண்டிய அவசியமே இல்லை. பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது மாதிரி: ஓடு, போடு, அடுத்த இடத்துக்கு ஓடு. அதனால் அந்த ஆட்டம் ஒரு ஓட்டப்பந்தயமாகவே நடக்கும். வேகமாக ஓடுபவருக்கும் குறுக்குவழி தெரிந்தவருக்கும் கொண்டாட்டம்.

பின்னால் வந்த ஆட்டங்கள் பலவும் “நின்றால்தான் உனக்கு” என்று விதியை மாற்றின. சின்ன மாற்றம்தான், ஆனால் ஆட்டத்தின் குணமே மாறிப்போனது. நிற்பவர் அசையாத இலக்கு. அவரை யாராவது பாதுகாக்க வேண்டும். மருந்து கொடுக்க ஒருவர், வாசலைப் பார்க்க ஒருவர் என்று வேலை பிரிகிறது.

2007-ல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2 இதை அழகாகச் செய்தது. பாயிண்ட்டில் இரண்டு பேர் நின்றால் பிடிக்கும் வேகம் இரட்டிப்பாகாது, ஒன்றரை மடங்குதான் ஆகும். மூன்றாவது ஆள் வந்தால் ஏறத்தாழ 1.83 மடங்கு. அதாவது முதல் ஆள் ஒரு பங்கு, இரண்டாவது ஆள் அரைப் பங்கு, மூன்றாவது ஆள் மூன்றில் ஒரு பங்கு என்று குறைந்துகொண்டே போகும். எல்லோரும் ஒரே இடத்தில் குவிவதில் பெரிய லாபம் இல்லை, ஒருவர் வெளியே காவலுக்கு நிற்பது மேல் என்று அந்த எண்களே சொல்லிக்கொடுக்கின்றன. ஸ்கௌட் என்ற வேகமான, உடம்பு பலம் குறைந்த பாத்திரம் மட்டும் இரண்டு ஆளாகக் கணக்கில் வரும். நேருக்கு நேர் மோதலில் சீக்கிரம் சாகும் பாத்திரத்துக்கு இடம் பிடிப்பதில் ஒரு பெருமையைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு அது.

நிற்கும் விதியோடு கூடவே வந்தது கன்டெஸ்ட். இரண்டு அணியினரும் பாயிண்ட்டுக்குள் இருந்தால் பிடிப்பது நின்றுவிடும். எதிரணி ஐந்து பேர் உள்ளே நின்றாலும், நீங்கள் ஒரே ஆளாக ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் போதும், அவர்களால் பாயிண்ட்டை எடுக்க முடியாது. ஒரு தோட்டாகூடச் சுடாமல் ஒருவர் அணியைக் காப்பாற்றுவது இப்படித்தான். 2016-ல் வந்த ஓவர்வாட்ச்சின் கன்ட்ரோல் வகையில் இந்தத் தருணம் உச்சத்துக்குப் போகும். பாயிண்ட்டை வைத்திருக்கும் அணியின் சதவீதம் ஏறிக்கொண்டே வந்து 99-ல் நிற்கும். எதிரணியில் ஒரே ஒருவர் உள்ளே இருந்தாலும் 100 ஆகாது. திரையில் திரி மாதிரி ஒன்று எரியத் தொடங்கும். ஒருவர் செத்தால் இன்னொருவர் பாய்ந்து வருவார். அந்த இடைவெளி கொஞ்சம் நீண்டாலும் ஆட்டம் முடிந்தது.

அப்படியானால் கில்லுக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. அது வேறு நாணயத்தில் கிடைக்கிறது. எதிரி ஒருவரைச் சுட்டால், அவர் மறுபடி எழுவதற்கு ஆகும் நேரமும், எழுந்த இடத்திலிருந்து பாயிண்ட்டுக்கு ஓடிவரும் நேரமும் உங்கள் அணிக்குக் கிடைத்த லாபம். எழ 5 விநாடி, ஓடிவர 12 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கில்லின் மதிப்பு 17 விநாடி. அந்த 17 விநாடியை உங்கள் அணி என்ன செய்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்தால் போதும், இந்த வகை ஆட்டங்களில் பாதி புரிந்துவிடும். மேப்பின் ஓரத்தில், பாயிண்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், நிமிடத்துக்கு ஒருவராக ஐந்து பேரைச் சுடுவதில் பெரிய பயன் இல்லை. ஒவ்வொருவரும் திரும்பி வருவதற்குள் அவருடைய கூட்டாளிகள் பாயிண்ட்டில் இருப்பார்கள். பாயிண்ட்டைச் சுற்றி இரண்டு பேரை ஒரே நேரத்தில் சுட்டால் அங்கே ஒரு வெற்றிடம் உருவாகும். அதற்குள் நுழையலாம். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், நீங்கள் தனியாகப் போய்ச் சாவது ஏன் தப்பு என்று தெரியும். நான்கு பேர் செத்துக் கிடக்கும்போது ஐந்தாவது ஆளாக உள்ளே பாயாமல், மற்றவர்கள் எழும்வரை காத்திருந்து சேர்ந்து போவதே சரி. ஆட்டம் முடியும் தறுவாயில், யாராவது உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்ற நேரம் மட்டும் விதிவிலக்கு.

2002-ல் சுவீடனின் டைஸ் நிறுவனம் கொண்டுவந்த பேட்டில்ஃபீல்ட் 1942 இந்த இரண்டு கணக்கையும் ஒரே பையில் போட்டது. அதன் கான்க்வெஸ்ட் வகையில் ஒவ்வோர் அணிக்கும் தொடக்கத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் டிக்கெட்டுகள் இருக்கும். செத்தவர் ஒவ்வொரு முறை எழும்போதும் ஒரு டிக்கெட் குறையும். எதிரணி கொடிகளில் பெரும்பகுதியை வைத்திருந்தால், நீங்கள் சாகாவிட்டாலும் டிக்கெட்டுகள் தானாகக் கசிந்துகொண்டே இருக்கும். முதலில் பூஜ்யத்துக்கு வரும் அணி தோற்கும். ஆக, சண்டையில் நன்றாகச் சுட்டு எதிரியின் டிக்கெட்டைக் குறைக்கலாம், ஆனால் பெரும்பாலான கொடிகள் அவர்களிடம் இருந்தால் உங்கள் பையிலும் ஓட்டை இருக்கிறது.

64 பேர் வரை ஆடும் அந்தப் பெரிய மேப்புகளில் இன்னொரு வித்தை பிறந்தது. எல்லோரும் முன்வரிசையில் மோதிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் ஜீப்பை எடுத்துக்கொண்டு சுற்றுவழியில் போய், காவலில்லாத பின்கொடியைப் பிடித்துவிடுவார். அதைப் பேக் கேப் என்பார்கள். கொடி போவது மட்டும் பிரச்சினை இல்லை. அந்தக் கொடியில் அவருடைய கூட்டாளிகள் எழத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் அணியில் நான்கு பேர் முன்வரிசையை விட்டுத் திரும்பி வர வேண்டியதுதான். ஒரு ஆள், ஒரு ஜீப், நான்கு பேரின் நேரம்.

இடமே நகர்ந்தால்

கால் ஆஃப் டியூட்டி வரிசையில் 2012-ல் வந்த பிளாக் ஆப்ஸ் 2 ஹார்ட்பாயிண்ட் என்ற வகையைக் கொண்டுவந்தது. மேப்பில் ஒரே நேரத்தில் ஒரே ஒரு இடம்தான் உயிரோடு இருக்கும். உள்ளே உங்கள் அணி மட்டும் இருந்தால் விநாடிக்கு ஒரு புள்ளி. எத்தனை பேர் நின்றாலும் அதே ஒரு புள்ளிதான். 60 விநாடி கழித்து அந்த இடம் செத்து, வேறொரு இடம் திறக்கும். 250 புள்ளி இலக்கு. தொழில்முறை கால் ஆஃப் டியூட்டி போட்டிகளில் இன்றும் முக்கியமான வகை இது. மொபைலில் ஆடுபவர்களுக்கும் கால் ஆஃப் டியூட்டி மொபைல் வழியாகப் பழக்கமாகியிருக்கும்.

இதை நன்றாக ஆடும் அணியைக் கவனித்துப் பாருங்கள். கடிகாரத்தில் இன்னும் 20 விநாடி இருக்கும்போதே இரண்டு பேர் புள்ளி தரும் இடத்தை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். அவர்கள் போவது அடுத்த இடத்துக்கு. அங்கே முன்கூட்டியே போய் நிற்பவருக்கு நல்ல மறைவு கிடைக்கும். அதைவிட முக்கியம், அவர்கள் அங்கே இருப்பதாலேயே செத்த கூட்டாளிகளும் அந்தப் பக்கம் எழும் வாய்ப்பு கூடும். ஸ்பானைப் பிடித்துவைப்பதற்கென்றே ஒருவர் சண்டையில் கலக்காமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். ஆங்கர் என்று அவருக்குப் பெயர். பட்டியலில் அவர் பெயர் கீழே கிடக்கும், ஆனால் அவர் இல்லையென்றால் அந்த அணி அடுத்த 60 விநாடிக்கு மேப்பின் தப்பான பக்கத்திலிருந்து ஓடிவந்துகொண்டிருக்கும். இப்போது கிடைக்கும் 15 புள்ளியா, அடுத்து வரும் 45 புள்ளியா என்ற பேரம்தான் ஹார்ட்பாயிண்ட்.

தரையே தோட்டா ஆனால்

என்னைக் கேட்டால், இந்த வகையில் மிகவும் புத்திசாலித்தனமான ஆட்டம் நின்டெண்டோவின் ஸ்பிளாட்டூன்தான். 2015-ல் அந்த நிறுவனத்தின் வீ யூ விளையாட்டுக் கருவிக்கு வந்தது, பின்னர் அதன் ஸ்விட்ச் கருவியில் தொடர்ந்தது. அதன் டர்ஃப் வார் வகையில் அணிக்கு நான்கு பேர், மூன்று நிமிடம், ஆளுக்கொரு மைத் துப்பாக்கியோ உருளையோ. கொடியும் கிடையாது, பாயிண்ட்டும் கிடையாது. மொத்தத் தரையும்தான் களம். மூன்று நிமிடம் முடிந்ததும் எந்த நிறம் அதிகப் பரப்பில் இருக்கிறதோ அந்த அணி ஜெயிக்கும். சுவரில் பூசினால் கணக்கில் வராது, தரை மட்டும்தான். எதிரியை எத்தனை முறை வீழ்த்தினீர்கள் என்பது முடிவில் சேரவே சேராது. கடைசியில் ஜட் என்ற குண்டுப் பூனை கொடியைத் தூக்கித் தீர்ப்பு சொல்லும்.

மற்ற ஆட்டங்களில் இடம் என்பது புள்ளி தரும் ஒரு வட்டம். இங்கே இடம் உங்களுக்கு உடனடியாகப் பயன்படும். உங்கள் மையில் கணவாயாக மாறி நீந்தினால் வேகமாகப் போகலாம், ஒளிந்துகொள்ளலாம், தீர்ந்துபோன மையும் அதில்தான் மளமளவென்று நிரம்பும். எதிரியின் மையில் கால் வைத்தால் வேகம் குறையும், உடம்பிலும் அடிபடும். ஆகவே பூசிய ஒவ்வொரு அடியும் சாலை, மறைவிடம், தோட்டாக் கிடங்கு எல்லாம்தான். போதாததற்கு, பூசப் பூசச் சிறப்பு ஆயுதத்தின் அளவும் ஏறும்.

பத்து வயதுக் குழந்தை கையில் பெரிய உருளையைக் கொடுத்தால், குறி பார்க்கவே தெரியாவிட்டாலும், நடந்துகொண்டே தரையைப் பூசிக்கொண்டு போகும். அது அணிக்கு உண்மையான பங்களிப்பு. ஆறுதலுக்குச் சொல்லும் வார்த்தை இல்லை, முடிவில் வரும் சதவீதத்தில் அந்தக் குழந்தை பூசிய தரையும் இருக்கும். சுடத் தெரியாதவரையும் முதல் நாளே தேவைப்படுகிறவராக்கும் ஆட்டங்கள் அதிகம் இல்லை.

இன்னொரு நுட்பம்: இங்கே எண்ணுவது கடைசி நொடியின் நிலவரம் மட்டும். இரண்டரை நிமிடம் எதிரணி முழு மேப்பையும் வைத்திருந்தாலும் அதற்காக ஒரு புள்ளியும் கிடையாது. கடைசி நிமிடத்தில் இசை மாறி வேகமெடுக்கும்போது, அதுவரை தோற்றுக்கொண்டிருந்த அணி நடுப்பகுதியைப் பிடித்தால் ஜெயிக்கலாம். டாமினேஷனில் முதல் நிமிடத்தை விட்டால் கடைசியில் வலிக்கும் என்று பார்த்தோம். இங்கே நேர்மாறு. இடம் பிடிக்கும் ஆட்டம் எதை ஆடினாலும், புள்ளி தொடர்ந்து ஏறுகிறதா, கடைசியில் ஒருமுறை எண்ணுகிறார்களா என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கோடு போட்ட வரைபடங்கள்

சில ஆட்டங்களில் நினைத்த இடத்தைப் பிடிக்க முடியாது. 2004-ன் அன்ரியல் டோர்னமென்ட்டில் ஆன்ஸ்லாட் என்று ஒரு வகை. மேப்பில் மின்முனைகள் இருக்கும், அவற்றைக் கோடுகள் இணைக்கும். உங்களிடம் இருக்கும் முனையோடு கோட்டால் இணைந்த முனையை மட்டும்தான் பிடிக்கலாம். அப்படியே சங்கிலியாகப் போய் எதிரியின் மையத்தைத் தகர்க்க வேண்டும். பேக் கேப் செய்யும் தனி ஆளுக்கு இங்கே வேலை குறைவு. சண்டை எங்கே நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் கூட்டம் ஒரு முன்வரிசையில் சேரும்.

ஒரே களத்தில் நூற்றுக்கணக்கானோர் ஆடும்போது இந்தக் கோடுகள் இன்னும் அவசியமாகின்றன. மூன்று அணிகள் கண்டங்களுக்காக மோதும் பிளானட்சைட் 2, வெளிவந்த அடுத்த ஆண்டு, 2013-ல், தளங்களை இப்படிக் கோடுகளால் இணைத்தது. அதே ஆட்டத்தில் 2015 ஜனவரியில் ஒரே சண்டையில் 1,158 பேர் பங்கெடுத்து கின்னஸ் சாதனை படைத்தார்கள்.

ஆட்டம் முடியாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும் உலகங்களில் இடம் பிடிப்பது அரசியலாகவே ஆகிவிடுகிறது. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் தொடங்கிய ஈவ் ஆன்லைனில், விண்மீன் மண்டலங்களை ஆட்டக்காரர்களின் கூட்டணிகள் சொந்தமாக வைத்திருக்கும். அந்தக் காலத்தில் அதற்கு ஆட்டப் பணத்தில் தவறாமல் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 2014 ஜனவரி 27 அன்று பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்துக்கான கட்டணம் கட்டப்படாமல் போனது. மண்டலத்தின் உரிமை கைநழுவியது. எதிர்க்கூட்டணி உடனே பாய்ந்தது. ஏறத்தாழ 21 மணி நேரம் நடந்த சண்டையில், கட்டுவதற்கு மாதக்கணக்கில் உழைப்பு தேவைப்படும் டைட்டன் கப்பல்கள் 75 அழிந்தன. உண்மைப் பணத்தில் அந்த இழப்பு 3 லட்சம் டாலர் அளவுக்கு வரும் என்று மதிப்பிட்டார்கள். அந்த இடத்தில் கப்பல் சிதைவுகளையே நினைவுச் சின்னமாக நிறுவியது சிசிபி. இடத்தைப் பிடிப்பதைவிட அதைக் கையில் வைத்திருக்க அன்றாடம் செய்யும் சின்ன வேலைகள்தான் கஷ்டம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2022-ல் முழுமையாக வெளிவந்த ஃபாக்ஸ்ஹோல் அந்தச் சின்ன வேலைகளையே ஆட்டமாக்கியிருக்கிறது. ஒரு போர் வாரக்கணக்கில் நடக்கும். முன்வரிசையில் சுடும் ஒவ்வொரு தோட்டாவையும் யாரோ ஓர் ஆட்டக்காரர் மூலப்பொருள் வெட்டி, ஆலையில் செய்து, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருப்பார். துப்பாக்கியையே தொடாமல் லாரி மட்டும் ஓட்டி ஆடுபவர்கள் அங்கே உண்டு, அவர்களுக்கு நல்ல மரியாதையும் உண்டு.

முதல் முறை ஆடப் போகிறீர்கள் என்றால்

உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கும் ஏதாவது ஒரு டாமினேஷனிலிருந்து தொடங்குங்கள். மூன்று கொடி, சின்ன மேப், கணக்கும் எளிது. திரையின் மூலையில் இருக்கும் குட்டி மேப்பை, ஒவ்வொரு முறை சாகும்போதும் ஒரு முறை பாருங்கள். எழக் காத்திருக்கும் அந்தச் சில விநாடிகள் அதற்கு மிகச் சரியான நேரம். எந்தக் கொடி யாரிடம், கூட்டாளிகள் எங்கே, எதிரணி எந்தப் பக்கம் எழுவார்கள் என்று மூன்றையும் பார்த்தால், எழுந்ததும் எங்கே ஓட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

கொடியைப் பிடிக்கும்போது கொடிக்கம்பத்தின் அடியில் நிற்க வேண்டியதில்லை. பிடிக்கும் வட்டம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. அதன் விளிம்பில், சுவரோரமாக, வாசலைப் பார்த்தபடி படுத்துக்கொள்ளலாம். புகைக்குண்டு இருந்தால் கொடியின் மேல் வீசிவிட்டு உள்ளே போகலாம். குண்டு வீசும் வழிகளையும் கவனியுங்கள்: அந்த வட்டத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு குண்டு வீசுவது எல்லோருக்கும் பழக்கம், ஆகவே கம்பத்தின் அடிதான் மிக மோசமான இடம்.

அப்புறம், நீங்கள் பிடித்துவிட்ட கொடியில் எல்லோரும் கூடி நிற்க வேண்டாம். ஒருவர் போதும், அவரும் கொடியைப் பார்க்காமல் கொடிக்கு வரும் வழியைப் பார்த்து நிற்கலாம். பெரும்பாலான ஆட்டங்களில் எதிரி உங்கள் கொடியைத் தொட்டதும் திரையில் எச்சரிக்கை வரும், அந்தக் கொடியின் எழுத்து மின்னும். அது மின்னினால் கையில் இருக்கும் சண்டையை விட்டுவிட்டு ஓடுங்கள். அங்கே போய் உள்ளே கால் வைத்தாலே பிடிப்பது நின்றுவிடும், மற்றவர்கள் வந்து சேர அவகாசம் கிடைக்கும்.